பூந்திக்கொட்டையும் தென்பெண்ணை நுரையும்

ஓசூர்

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அண்ணன் இப்போது மாடி ஏறி இறங்குகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்திக்கு உடம்பெல்லாம் தடிப்பு என்பதுதான் கவலையாக இருக்கிறது. மருமகள் சலவைத் தூளை வீட்டைவிட்டே துரத்திவிட்டு, பூந்திக்கொட்டை, சாம்பல், ஆரஞ்சுத் தோல் என்று நாளுக்கொரு பரிசோதனை நடத்துகிறாள் என்கிறாய். "வேதியியல் டீச்சர் நீதானே, எது நிஜம், எது கதை என்று எழுது" என்று வேறு கேட்டிருக்கிறாய். முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளிடம் இப்படிக் கேட்டால் கடிதம் நீளத்தானே செய்யும்? காபியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

முதலில் குழந்தை. தோல் மருத்துவரிடம் காட்டாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். தூள்தான் காரணம் என்றாலும், பல நேரம் அதில் சேர்த்திருக்கும் வாசனைப் பொருள்தான் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. அல்லது சரியாக அலசாமல் துணியிலேயே தங்கிவிட்ட மிச்சம். பெட்டியோடு கொடுத்திருக்கும் அளவுக் கரண்டியை நம்பாதே. அழுக்கில்லாத வீட்டுத் துணிக்கு அதில் பாதி போதும். பாதியைப் போட்டு இன்னொரு முறை அலசிப் பார்க்கச் சொல். இது யாருடைய விளம்பரத்திலும் வராத மாற்று. செலவும் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு அக்கறை உண்டு. நான் இருக்கும் இடம் அப்படி. பெங்களூரின் கழிவுநீர் பெள்ளந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து எங்கள் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழை பெய்து மதகு திறந்தால் போதும், அணைக்குக் கீழே வெள்ளை நுரை ஆளுயரத்துக்குப் பொங்குகிறது. காற்றடித்தால் பிய்த்துக்கொண்டு வந்து வயலில் விழுகிறது. கிட்டே போனால் சாக்கடை நாற்றமும் சோப்பு வாசனையும் கலந்து குமட்டும். ஒரு தடவை ஒரு கொத்து என் செருப்பில் ஒட்டியது. பத்து நிமிடம் ஆகியும் அடங்கவில்லை, காய்ந்தபின் சாம்பல் நிறத்தில் ஒரு கறை மட்டும் நின்றது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, கடலூர்ப் பக்கம் உன் ஊரில் கடலில் சேர்கிறது. 2024 டிசம்பரில் உன் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்து நின்றதே, அந்தத் தென்பெண்ணைதான்.

2017-இல் நொய்யலில் நுரை பொங்கியபோது, கோவை மக்கள் குளிக்கும் சோப்புதான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொல்லப்போக ஊரே சிரித்தது, நினைவிருக்கிறதா? சாயப்பட்டறைகளை விட்டுவிட்டுக் குளிக்கிறவர்களைப் பிடித்தாரே என்று நானும் சிரித்தேன். ஆனால் பெள்ளந்தூரைப் பொறுத்தவரை வீட்டுக் கழிவுநீரின் பங்கு பெரியது. நம் வாளியிலிருந்து போவதும் அதில் உண்டு. ஆலைகளுக்கு நற்சான்றிதழ் கொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை.

இந்தத் தூள்கள் நம் வீட்டுக்குள் வந்த காரணத்தையும் பார்க்க வேண்டும். சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்தது. கிணற்று நீரிலும் போர் நீரிலும் உள்ள கால்சியம், மக்னீசியத்தோடு அது சேர்ந்தால் நுரைக்காது, திரிந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். தூளில் இருக்கும் டிடர்ஜெண்ட் என்ற செயற்கைச் சலவைப் பொருள் அப்படித் திரியாது. அதனால்தான் 1959-இல் சர்ஃப் வந்ததும் வசதியுள்ள வீடுகள் மாறின, 1969-இல் தொடங்கிய நிர்மா மெல்ல மெல்ல மற்ற வீடுகளையும் மாற்றியது. நம் அம்மாக்களின் தோள்வலி குறைந்ததற்கு இந்தத் தூள்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதை மறந்துவிட்டு 'எல்லாம் விஷம்' என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

தொல்லை தண்ணீர் வெளியே போனபிறகுதான். முதலில் வந்த டிடர்ஜெண்ட் மூலக்கூறு கிளை கிளையாக இருந்ததால் நுண்ணுயிர்களால் அதைச் சிதைக்க முடியவில்லை. மேல்நாட்டு ஆறுகள் நுரைத்துத் தள்ளின. 1960-களில் கிளையில்லாத நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்கு மாறினார்கள். அது சிதையும், ஆனால் அதற்குத் தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும். சாக்கடையாகிப் போன ஏரியில் ஆக்ஸிஜனுக்கு எங்கே போவது? தூளில் பாஸ்பேட் இருந்தால் அது தனிக் கதை. பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அது நல்ல உரம். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் வீட்டுச் சலவைத் தூளில் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது. வாங்கும்போது 'பாஸ்பேட் இல்லை' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இனி பூந்திக்கொட்டை. மருமகள் நல்ல பொருளைத்தான் பிடித்திருக்கிறாள். அதன் தோலில் இருக்கும் சப்போனின் இயற்கையிலேயே நுரைக்கும் பொருள். கால்சியத்தோடு சேர்ந்து திரியாது என்பதால் எங்கள் போர் நீரிலும் வேலை செய்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது, அமுக்கினால் லேசாக ஒட்டும் தோலாகப் பார்க்க வேண்டும். கல் மாதிரிக் காய்ந்து தூசி பிடித்தது வேண்டாம். உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டையில் ஒன்றுமில்லை, உடைத்து எடுத்துவிடலாம். ஒரு கைப்பிடித் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து பழைய வேட்டித் துணியில் வடிகட்டு. தேன் நிறத்தில் வழவழவென்று வரும். புளித்த ஆப்பிள் மாதிரி ஒரு வாசம். கொதிக்கும்போது பக்கத்திலேயே நில். பால் மாதிரி சட்டென்று பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், வெளியில் வைத்தால் இரண்டே நாளில் கெட்டு நாறும். கண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும், பேத்தியின் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்.

எதற்கு உதவும்? வியர்வைத் துணி, பருத்திப் புடவை, குழந்தைத் துணி, கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டு. பட்டு ஒரு புரதம். காரம் பட்டால் நைந்துவிடும். எண்ணெய்க் கறைக்கும் ரத்தக் கறைக்கும் நல்லது என்று என்சைம் சேர்த்து விற்கும் தூள்களைப் பட்டுக்குக் காட்டவே கூடாது. ரத்தத்தின் புரதத்தைத் தின்கிற என்சைம் பட்டை மட்டும் விட்டுவிடுமா? பூந்திக்கொட்டைத் தண்ணீர் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, சரிகையையும் கெடுக்காது. முந்தானையின் உட்பக்க ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு, சாற்றைப் பச்சைத் தண்ணீரில் கலந்து அதில் முக்கி எடுத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தினால் போதும்.

எதற்கு உதவாது? சட்டைக் காலர், சமையலறைக் கைத்துணி, அண்ணனின் வெள்ளை வேட்டி. எண்ணெய்ப் பிசுக்கை அது அரைகுறையாகத்தான் எடுக்கிறது. வெள்ளைத் துணி நாளாக நாளாக மங்கிப் பழுப்பேறும். தூளில் துவைத்த வெள்ளையோடு ஒப்பிடுவதும் சரியல்ல. தூளில் துணியைப் பளிச்சென்று காட்ட ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது அழுக்கை எடுப்பதில்லை, கண்ணை ஏமாற்றுகிறது. இன்னொன்று, காய்ச்சிய சாற்றைக் குளத்திலோ மீன் தொட்டியிலோ ஊற்றிவிடாதே. சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். பழங்குடிகள் இப்படிப்பட்ட காய்களை நசுக்கிப் போட்டு மீனை மயக்கிப் பிடித்ததுண்டு. மண்ணில் விழுந்தால் சீக்கிரம் சிதைந்துவிடும், ஆகவே கவலை இல்லை.

"பாட்டி காலத்து முறைக்குத் திரும்பிவிட்டோம்" என்று மருமகள் சொல்வதாக எழுதியிருந்தாய். எந்தப் பாட்டி துவைத்தாள்? என் பாட்டி துவைக்கவில்லை. துணியை மூட்டை கட்டிக் கொல்லைப்புறத் திண்ணையில் வைப்பாள், வண்ணார் வீட்டு அம்மா வந்து எடுத்துப் போவார். பிரசவத் துணி, தீட்டுத் துணி உட்பட. கோடையில் மண்மேல் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி வந்து, கரைத்த தண்ணீரில் துணியை ஊறப்போட்டு, இரவெல்லாம் வெள்ளாவியில் வேகவைத்து, விடியற்காலையில் ஏரிக்கரைக் கல்லில் அடித்துத் துவைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது கடையில் நாம் வாங்கும் சலவைச் சோடா. அந்த அம்மாவின் விரல் நுனிகள் வெடித்து, பிளவுகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். களத்தில் அளந்த நெல்லும் மாலையில் வீடு வீடாக வாங்கிய சோறும்தான் கூலி. என்னைவிட நாற்பது வயது மூத்தவரை நாங்கள் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டோம். வெள்ளாவியின் வெண்மையைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் தேவலை.

ஆரஞ்சுத் தோல் சமாசாரம்: ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். 'பயோ என்சைம்' என்று பெரிய பெயர், ஆனால் முக்கியமாகக் கிடைப்பது ஒருவகைக் காடி, அதாவது வினிகர்தான். தரை துடைக்கலாம், குழாயில் படிந்த உப்புக்கறையைத் தேய்க்கலாம். துணிக்கு, கடைசி அலசலில் ஒரு மூடி ஊற்றினால் மிச்சக் காரத்தை முறிக்கும். துவைக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதே. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றச் சொல், பாட்டில் வெடிக்கும். ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்தால் அற்புதமாகச் சுத்தமாகும் என்று வரும் வீடியோக்களை நம்பவே நம்பாதே. ஒன்று காரம், மற்றது அமிலம், இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். பொங்குகிறதே என்று சந்தோஷப்படலாம், அவ்வளவுதான்.

காலருக்கும் வேட்டிக்கும் நான் வைத்திருப்பது தேங்காய் எண்ணெய் சோப்பு. கடல் நீரிலேயே நுரைக்கும் என்று மாலுமிகள் வைத்திருந்த சோப்பு அது, உப்புத் தண்ணீரில் மற்ற சோப்புகளைவிடத் தாக்குப்பிடிக்கும். வீட்டிலேயே செய்கிறேன். ஒரு கிலோ எண்ணெய்க்கு 180 கிராம் காஸ்டிக் சோடா, 350 மில்லி தண்ணீர். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர்தான். கையுறை, கண்ணாடி கட்டாயம். வார்த்து, வெட்டி, நாலு வாரம் காற்றாட வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் இன்று விற்கும் விலையில் இது சிக்கனம் இல்லை. பேத்தி ஓடியாடும் வீட்டில் காஸ்டிக் வைப்பதையும் நான் சொல்ல மாட்டேன். உனக்கு நானே அனுப்புகிறேன்.

துணி துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாமா என்று கேட்டாயே, அதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். இயற்கை என்ற பெயரில் விற்கும் தூள்கள் பலவற்றில் சலவைச் சோடாதான் முக்கால்வாசி. ஆற்றுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் சோடியம் சேர்ந்து மண் இறுகிப் போகும், உவர் நிலத்தில் என்ன விளையும் என்று உனக்கே தெரியும். என் சோப்புக்கும் இதே கதைதான். முதல் தண்ணீரைச் சாக்கடைக்கும், அலசிய தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்கும் விடு. பூந்திக்கொட்டைத் தண்ணீர் என்றால் எல்லாவற்றையுமே வாழைக்கு விடலாம். உன் வீட்டு மண் மணற்பாங்கு, கொஞ்சம் தாங்கும். எந்தப் பொருளை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், நம் வீட்டுத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறதா, மண்ணுக்குப் போகிறதா, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கடைக்காரன் இதைக் கேட்கப் போவதில்லை.

என் வீட்டில் இப்போது இதுதான் ஏற்பாடு: அன்றாடத் துணிக்குப் பூந்திக்கொட்டை, அழுக்குக்குச் சோப்பு, போர்வை, ஜமுக்காளம் என்றால் மெஷினில் பாதி அளவு தூள். இவர் மட்டும் தன் பனியன் முன்போல் பளிச்சென்று இல்லை என்று முணுமுணுக்கிறார். சட்டைக்குள்ளே போடுவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். சின்னவனுக்குச் சென்னைக்கு மாற்றலாகும் போலிருக்கிறது. ரோஜாவில் இந்த வருடம் பேன் தொல்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரை நீர்க்கக் கலந்து தெளித்துப் பார்க்கிறேன். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. மருத்துவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. உன் கல்யாணக் கூறைப்புடவை இன்னும் பீரோவில் மடிப்போடு கிடக்கிறதென்றால் அதையும் எடுத்து வா. இந்த ஊர்க் குளிரில் கை விறைத்தாலும் பரவாயில்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்து துவைத்துவிடலாம்.

அன்புடன்,
கமலா