விளையாட்டு மாடியில் படிக்கட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். மால்களில் இருக்கும் கேம் ஜோன்கள் பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள். என்னென்ன விளையாட்டு, டிக்கெட் என்ன விலை, சாப்பிட என்ன கிடைக்கும், எல்லாம் இருந்தது. வெளியே வர எத்தனை வழி என்று மட்டும் ஒரு வரி இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கும்பகோணத்தில் சினிமா தியேட்டர் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் டோக்கியோவில், நம் நாட்டவர் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாய் பகுதியில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது, அகிஹாபராவுக்குப் போயே ஆக வேண்டும் என்று பேரன் ஒற்றைக்காலில் நின்றான். தோசாய் லைனில் ஏறி, கயாபாச்சோவில் ஹிபியா லைனுக்கு மாறிப் போனோம். அங்கே மாடிக்கு மாடி விளையாட்டு மெஷின்களாக அடுக்கிய கட்டடங்கள் பிரபலம். நாங்கள் நுழைந்தது ஜிகோ என்ற கடை. முன்பு சேகா என்ற பெயரில் இருந்தவை இவை. சேகா அந்தத் தொழிலை விற்றுவிட்டு விலகியதும், 2022-இலிருந்து பெயர் மாறத் தொடங்கியது.

கீழே கிரேன் மெஷின்கள். நூறு யென் காசு போட்டால் கொக்கி இறங்கி, பொம்மையைத் தொட்டுத் தடவிவிட்டு வெறுங்கையோடு மேலே போகும். ஆயிரம் யென் நோட்டைச் சில்லறையாக்க அங்கங்கே மெஷின் வைத்திருக்கிறார்கள், அதனால் கையில் காசு தீர்ந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பேரன் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு கட்டத்தில் கடைப் பெண் ஒருத்தி வந்து கண்ணாடிக் கதவைத் திறந்து, பொம்மையைக் குழியின் விளிம்புப் பக்கம் நகர்த்தி வைத்து, எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று விரலால் காட்டிவிட்டுப் போனாள். அடுத்த காசிலேயே பொம்மை விழுந்தது. தியேட்டர் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், வந்தவரை மறுபடியும் வரவழைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. பரிசுப் பொருளின் விலைக்குக்கூட உச்சவரம்பு உண்டு என்று மாப்பிள்ளை சொன்னார். 800 யென்னாக இருந்தது, 2022-இல் 1000 ஆனதாம்.

மேலே ஒரு மாடியில் மெடல் விளையாட்டு. காசு கொடுத்து வில்லைகளை வாங்கி, மெஷினில் விட்டு, இன்னும் வில்லைகளை ஜெயிக்கலாம். ஆனால் அதைப் பணமாக மாற்ற முடியாது, வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது. வேண்டுமானால் கடையிலேயே கணக்கில் போட்டு வைத்துவிட்டு இன்னொரு நாள் வந்து ஆடலாம். என் வயதுக்காரர்கள் சிலர் அங்கே பக்கத்தில் டீ பாட்டிலோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் இப்படி ஓர் இடம் இருந்தால் மத்தியானப் பொழுது எனக்கும் போகும்!

இன்னொரு மாடியில் மேளம் அடிக்கும் விளையாட்டு. கும்பகோணத்துக்காரனுக்கு மேளம் என்றால் காது தானாகத் திரும்பும். திரையில் சிவப்பு வட்டம் வந்தால் நடுவில் அடிக்க வேண்டும், நீலம் வந்தால் விளிம்பில். ஆபீஸ் உடையில் வந்த இளைஞர் ஒருவர் தோல்பையிலிருந்து சொந்தக் குச்சிகளை எடுத்து ஆடினார். என்ன வேகம்! ஒரு தப்பு அடி இல்லை. பேரன் வாயைப் பிளந்து நின்றான். நானும்தான்.

அந்தச் சத்தத்தில் நின்றபோதுதான் பழைய மேலாளர் புத்தி எட்டிப் பார்த்தது. இங்கே அபாய மணி அடித்தால் யாருக்குக் கேட்கும்? தியேட்டரில் ஒரு பிரச்சினை என்றால் படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டால் போதும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு மெஷினுக்குள் தலையை விட்டிருக்கிறார்கள். லிஃப்டில் கூட்டம் என்ற சாக்கில் படிக்கட்டுப் பக்கம் போனேன். குறுகலான படிக்கட்டுதான், அகலமென்று சொல்ல முடியாது. ஆனால் மேலிருந்து கீழ்வரை ஓர் அட்டைப்பெட்டி இல்லை, உடைந்த நாற்காலி இல்லை. கதவைத் தள்ளினால் திறந்தது. கதவுக்கு மேலே ஓடும் மனிதன் படம் போட்ட பச்சை விளக்கு.

நம் மால்களிலும் தொங்குகிற அந்தப் பச்சை மனிதன் ஜப்பான்காரர்கள் கொடுத்தது. 1972 மே 13 அன்று ஒசாகாவில் சென்னிச்சி என்ற பல மாடிக் கடைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீ மூன்றாம் மாடியில். செத்தவர்கள் 118 பேர், அத்தனை பேரும் ஏழாம் மாடியில் இருந்த கேளிக்கை விடுதியில் இருந்தவர்கள். புகை மேலே ஏறிவிட்டது. படிக்கட்டுகள் இருந்தன, ஆனால் பூட்டிய கதவுகள். ஓரளவு தப்பிக்க வழியாக இருந்த படிக்கட்டு, வந்தவர்கள் கழற்றித் தரும் மேலங்கிகளை வாங்கி வைக்கும் அறைக்குப் பின்னால் இருந்ததால் வந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. மறு வருடமே குமாமோட்டோவில் இன்னொரு கடையில் நூறு பேருக்கு மேல் போனார்கள். அதற்கப்புறம்தான் எவர் கண்ணிலும் படுகிற மாதிரி ஓர் அடையாளம் வேண்டும் என்று போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்து, யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். 1987-இல் சர்வதேசத் தரமாகவும் ஆனது.

விளக்கு வந்துவிட்டால் ஆயிற்றா? 2001 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவின் கபுகிச்சோவில் ஒரு சின்னக் கட்டடம் எரிந்தது. மஜோங் விளையாட்டுக் கடையும் மதுக்கடையும் இருந்த இடம். ஒரே படிக்கட்டு, அதிலும் சாமான்கள் அடைத்துக் கிடந்தன. 44 பேர் இறந்தார்கள். மறு வருடம் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஒரே படிக்கட்டை நம்பியிருக்கும் இத்தகைய கட்டடங்களைத் தகுதி பெற்றவரை வைத்து ஆண்டுதோறும் சோதித்து, தீயணைப்பு நிலையத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் 2024 மே 25 அன்று ராஜ்கோட் கேம் ஜோனில் 27 பேர் கருகினார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றிதழ் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது அது. பள்ளி விடுமுறை, சனிக்கிழமை வேறு. 2004-இல் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர்க்காரன் இதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

சினிமா தியேட்டர்களுக்கு நம் மாநிலத்தில் விதிகள் கறார். வாசல் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஆட்டம் நடக்கும்போது பூட்டக் கூடாது. லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று என்று நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அப்போது எரிச்சலாக இருக்கும். டிக்கெட் இல்லாமல் பசங்கள் நுழைகிறார்கள், பக்கக் கதவைப் பூட்டினால் என்ன என்று கேட்கிற முதலாளிகளும் உண்டு. ஆட்டம் தொடங்கியதும் ஒரு சுற்று வந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஊர் திரும்பியபின் நம் பக்கத்து மால் ஒன்றுக்குப் பேரப்பிள்ளைகளோடு போனேன். பெயர் வேண்டாம். மேல் மாடியில் பந்துக்குளம், கார் ஓட்டும் மேடை, ஒரே குதூகலம். பச்சை மனிதனும் இருந்தான். அவன் ஓடுகிற திசையில் போய்க் கதவைத் தள்ளினால் நகரவில்லை. பின்னால் குளிர்பானப் பெட்டிகள். கேட்டதற்கு, "சார், அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம், நீங்க எஸ்கலேட்டர்ல போங்க" என்று ஊழியப் பையன் பணிவாகச் சொன்னான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

டோக்கியோ தீயணைப்புத் துறை ஒரு நல்ல காரியம் செய்கிறது. பெரிய விதிமீறல் உள்ள கட்டடங்களின் பெயர், முகவரி, என்ன குறை என்பதைத் தன் இணையதளத்தில் போட்டுவிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நம் தீயணைப்புத் துறையும் மாவட்ட வாரியாக இப்படி ஒரு பட்டியல் வெளியிட்டால் என்ன? கேம் ஜோன் டிக்கெட் கவுன்டரில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே, தீயணைப்புச் சான்றிதழை அது காலாவதியாகும் தேதியோடு மாட்டச் சொல்லலாம். இதற்கு முதலாளிக்குப் பெரிய செலவும் இல்லை.

பட்டியல் வரும்வரை, அடுத்த விடுமுறைப் பக்கத்துக்காக உங்கள் நிருபர்கள் கேம் ஜோன்களுக்குப் போகும்போது, அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, திறந்ததா இல்லையா என்பதை டிக்கெட் விலைக்குக் கீழே ஒரு வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தியேட்டர் மேலாளர்,
கும்பகோணம்.