அரை மணி நேர நேர்காணலில் தெரியாத காயம்: இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் மருத்துவ மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தீர்ப்பாய உறுப்பினர்களுக்கும் மருத்துவ மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

விபத்தில் மூளைக்காயம் அடைந்த என் தம்பியின் இழப்பீட்டு வழக்கில் தங்கள் முன் வைக்கப்பட்டுள்ள மதிப்பீட்டு அறிக்கையைப் படித்த பிறகு இந்த மடலை எழுதுகிறேன். வழக்கின் விவரங்கள் கோப்பில் இருப்பதால் அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கேள்விகளைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதிலளித்தார், தொழிலறிவு குன்றவில்லை, பழைய வேலைக்குத் திரும்பத் தடையில்லை என்று எழுதி, அவனுடைய இயலாமையை மிகச் சிறியதாக அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. மூடிய அறையில் அரை மணி நேரம் நடந்த நேர்காணலின் முடிவு அது. அவனோடு ஒரே வீட்டில் வாழும் என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்; ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

என் தம்பி எலக்ட்ரீஷியன். அண்மையில் வீட்டில் பழுதான ஒரு ஸ்விட்சை மாற்ற உட்கார்ந்தான். திருகுகளைக் கழற்றித் தொலையாதபடி தரையில் வரிசையாக வைத்தான், பலகையை விலக்கினான், கம்பியை வெட்டக் கட்டரை எடுத்தான். மெயின் ஸ்விட்சை அவன் அணைத்திருக்கவில்லை. ஓடிப்போய் அணைத்துவிட்டு, "ஸ்விட்ச் மாத்தணும்னா முதல்ல என்னடா செய்யணும்?" என்று கேட்டேன். "மெயினை ஆஃப் பண்ணணும், டெஸ்டர் வெச்சுப் பார்க்கணும்" என்று நொடியும் தயங்காமல் சொன்னான். அதைத் தான் செய்யவில்லை என்பது அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. நான் ஏன் பதறுகிறேன் என்றுதான் பார்த்தான்.

அறிக்கையோடு இணைக்கப்பட்டுள்ள கேள்விகளில் இதே கேள்வியும் இருக்கிறது. அவன் சொன்ன இதே பதிலும் இருக்கிறது. அந்தப் பதிலைக் கொண்டுதான் தொழிலறிவு குன்றவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அறிவு குன்றவில்லை என்பதை நானும் மறுக்கவில்லை. அறிந்ததை வேண்டிய கணத்தில், யாரும் கேட்காமல், தானே எடுத்துச் செய்யும் திறன் போய்விட்டது. மின்சாரத்தோடு வேலை செய்பவனுக்கு அது உயிர் போகிற விஷயம் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூளையின் முன்மடல், அதாவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, அடிபட்டவர்களிடம் இது அரிதாகக் காணப்படும் ஒன்றல்ல. திட்டமிடுவது, தொடங்குவது, இடையில் தன்னைச் சரிபார்த்துக்கொள்வது, வேண்டாததைத் தவிர்ப்பது எல்லாம் அந்தப் பகுதியைச் சார்ந்தவை. அமைதியான அறையில் எதிரே அமர்ந்திருக்கும் மதிப்பீட்டாளரே கேள்வியைத் தொடுத்து, வரிசையை வகுத்து, கவனம் சிதறாமல் பார்த்துக்கொள்ளும்போது, நோயாளியின் மூளை செய்யத் தவறும் வேலையை அவர் தம்மை அறியாமலே செய்துகொடுத்து விடுகிறார். அதனால் அங்கே நன்றாகப் பேசுகிறவர், வீட்டிலும் வேலையிடத்திலும் தடுமாறுவார். தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் விளைவுகளில் ஒன்று. "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவன் சொன்னதை நலமடைந்ததற்கான சான்றாக எடுத்துக்கொண்டது எங்களுக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது.

விபத்து நாளன்று அவனுடைய கிளாஸ்கோ மயக்கநிலை மதிப்பெண் 14. 13 முதல் 15 வரை லேசான காயம் என்ற வகைப்பாடு இருப்பதால், "லேசான தலைக்காயம்" என்ற சொல் அன்று முதல் கோப்பின் ஒவ்வொரு தாளிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 1974-இல் உருவான அந்த அளவுகோல், ஒருவர் கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால்களை அசைக்கிறாரா என்று பார்த்து நினைவுநிலையை அளப்பதற்கானது. பின்னாளில் அவர் வேலை பார்க்க முடியுமா என்பதை அது சொல்லாது. சிடி ஸ்கேனும் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுமே தவிர, நுண்ணிய நரம்பிழைகள் அறுந்திருப்பதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. இவை தாங்கள் அறிந்தவை. அறிந்திருந்தும் அறிக்கையில் இவற்றுக்கு ஏன் இடமில்லாமல் போயிற்று?

1848-இல் அமெரிக்காவில் ரயில் பாதைப் பணியில் வெடிவிபத்து நேர்ந்து, ஃபினியஸ் கேஜ் என்ற மேற்பார்வையாளரின் கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி மண்டையோட்டின் உச்சி வழியாக வெளியேறியது. சில நிமிடங்களிலேயே அவர் பேசினார், துணையோடு நடந்தார். அந்த நேரத்தில் நேர்காணல் நடத்தியிருந்தால் அவரும் பொருத்தமாகப் பதில் சொல்லியிருப்பார். அவர் மாறிவிட்டார் என்பதை அவரை முன்பே அறிந்தவர்கள்தான் கண்டார்கள். திறமைசாலி என்று அவரைப் பாராட்டிய முதலாளிகளே மீண்டும் அந்த வேலையைத் தர முடியாது என்றார்கள். இதை 1868-இல் பதிவு செய்தவர் அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஹார்லோ. என் தம்பியையும் பழைய முதலாளி சோதனையாகச் சேர்த்துப் பார்த்து, மனமில்லாமல் திருப்பி அனுப்பினார். அவர் எழுதித் தந்த கடிதம் கோப்பில் இருக்கிறது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: அவனோடு வாழ்பவர்களையும் வேலை பார்த்தவர்களையும் கேட்காமல், அவன் வாழும் இடத்தில் அவன் செயல்படுவதைப் பார்க்காமல், இயலாமைச் சதவீதத்தை முடிவு செய்யாதீர்கள்.

காயத்துக்குப் பிறகான முதல் மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பணம் தேவைப்படும் காலமும் அதுவே. எங்களுக்கு அந்தக் காலம் வாய்தாக்களில் கழிந்தது. இன்னொரு பக்கம், நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்காத நாட்களிலேயே காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி சமரசத் தாளோடு வந்து அவனிடம் கையெழுத்துக் கேட்டார். நான் அப்போது வீட்டில் இல்லாதிருந்தால் வழக்கே இருந்திருக்காது. நினைவு தெளியாத ஒருவரிடம் வாங்கும் கையெழுத்து எந்த நாட்டிலும் செல்லக்கூடாது. மூளைக்காயத்துக்குப் பின் வலிப்பு பல மாதங்கள், ஏன், சில ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்னும்போது, அவசர அவசரமாக வழக்கை முடிப்பது யாருடைய நன்மைக்காக என்றும் கேட்கத் தோன்றுகிறது.

கோபம் சற்று மேலெழுந்துவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, அவர்கள் நீதியை அணுகுவதற்கு ஏற்றவாறு நடைமுறைகளைத் தகவமைக்கச் சொல்கிறது. அதற்கு மேல் சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை.

இப்போதுள்ள அறிக்கையை இறுதியானதாகக் கொள்ளாமல், நரம்பு உளவியலில் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டிலும் வேலைச் சூழலிலும் வைத்து அவனை மீண்டும் மதிப்பிட உத்தரவிடுங்கள். நானும் அவனுடைய பழைய முதலாளியும் சாட்சியம் அளிக்க அனுமதியுங்கள். மறுமதிப்பீடு முடியும்வரை சிகிச்சை நின்றுபோகாதபடி இடைக்கால நிவாரணம் வழங்குங்கள். அடுத்த விசாரணைத் தேதியை அவனிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாமல், எனக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பிக்காக வழக்கை நடத்தும் அக்கா