முதலாளி ஒருவருக்கு மட்டும் ஊடகப் பயிற்சி போதாது

சிங்கப்பூரில் உணவகமும் உணவு விநியோகத் தொழிலும் நடத்தும் நம்மவர் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

செய்தியாளர்களுக்குப் பதில் சொல்லப் பழக்கும் ஊடகப் பயிற்சி என்றதும் நிர்வாக இயக்குநரை மட்டும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறீர்கள். பிரச்சினை வெடிக்கும் நாளில் செய்தியாளரின் அழைப்பு கடைக்குத்தான் வரும். கல்லாவில் இருப்பவர் எடுப்பார். தமிழ் முரசு நாளிதழிலிருந்தோ வசந்தம் தொலைக்காட்சியிலிருந்தோ கேட்டால், தமிழ் நன்றாகப் பேசும் மேற்பார்வையாளரிடம் தொலைபேசி கைமாறும். அவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நச்சுணவுப் புகார் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர், "விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம்" என்கிறார். கிளை மேலாளர், "எங்கள் சாப்பாட்டில் கோளாறே இல்லை" என்கிறார். வேன் ஓட்டுநரோ, "அன்றைக்குச் சாப்பாடு போய்ச் சேரத் தாமதம்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். மூவரும் தத்தமக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் செய்தியில் மூன்றும் அடுத்தடுத்து வரும்போது, நிறுவனம் எதையோ மறைக்கிறது என்றே வாசகர் நினைப்பார்.

ஆகவே குழுவாகப் பயிற்சி கொடுங்கள். ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு முழு நாள். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் ஒவ்வொருவரும் கேமராமுன் இரண்டு முறை உட்கார நேரம் இருக்காது. ஒரே முறை உட்கார்ந்தவர் தம் தவற்றைப் பார்ப்பார், திருத்திப் பார்க்க மாட்டார். இயக்குநர், கிளை மேலாளர், சமையற்கூட மேற்பார்வையாளர், கல்லாக்காரர், ஃபேஸ்புக் பக்கத்தைக் கவனிப்பவர் எல்லாரும் ஒரே அறையில் இருக்கட்டும். முதலாளி எதிரில் ஊழியர் வாய் திறப்பாரா என்பது நியாயமான தயக்கம். அதனால் முதல் பேட்டியை முதலாளியே கொடுக்கட்டும். அவரும் தடுமாறுவார் என்று தெரிந்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் விடும்.

காலை வேலை, ஊடகத்திடம் சொல்ல வேண்டியதை எழுதும் ஒரே ஒரு தாள்தான். அதில் மூன்று கருத்துகள், ஒவ்வொன்றும் 15 விநாடிக்குள் சொல்லக்கூடியதாக. நீண்டால் ஒளிபரப்பில் வெட்டிவிடுவார்கள், எங்கே வெட்டுவது என்பது உங்கள் கையில் இல்லை. கீழே எண்கள், மேலே தேதி. முரண்பாடு கருத்தைவிட எண்ணில்தான் அதிகம் முளைக்கும்: ஒருவர் பகுதிநேர ஊழியரையும் சேர்த்து எண்ணுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். தமிழ்த் தாளையும் ஆங்கிலத் தாளையும் அதே அமர்வில் எழுதி முடியுங்கள். தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், அது யாரும் சரிபார்க்காமலே வெளியே போகும்.

பிறகு பேட்டி. கைப்பேசி, முக்காலி, சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி போதும். ஆளுக்கு மூன்று நிமிடம். கேள்வி கேட்பவர் வெளியாளாக இருந்து இரண்டு மொழியிலும் கேட்க வேண்டும். அதிகம் சறுக்கும் இடம் மௌனம். பதில் முடிந்தபின் செய்தியாளர் சும்மா காத்திருப்பார்; அந்த இடைவெளி தாங்காமல் நம்மவர் ஊகங்களைச் சொல்லத் தொடங்குவார். அடுத்தது ஒப்பித்தல். மூன்று பேர் அட்சரம் பிசகாமல் ஒரே வாக்கியத்தைச் சொன்னால், சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். கருத்து ஒன்றாக இருக்கட்டும், சொற்கள் அவரவருடையதாக இருக்கட்டும்.

கல்லாக்காரர் பேட்டி கொடுக்க வேண்டியதில்லை. அழைத்தவர் பெயர், ஊடகம், கேள்வி, எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்ற நான்கையும் குறித்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் திரும்ப அழைப்பார்கள் என்று சொன்னால் போதும். சொன்னபடி அழைக்கவும் வேண்டும்.

முதல் அறிக்கையில் காரணத்தைத் தொடவே தொடாதீர்கள். அதைக் கண்டறிவது சிங்கப்பூர் உணவு அமைப்பு போன்ற அதிகாரிகளின் வேலை. நீங்கள் முந்திக்கொண்டு சொன்னது பொய்த்தால் அதற்குமேல் எதைச் சொன்னாலும் எடுபடாது. என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறீர்கள், அடுத்த தகவல் எப்போது என்பதோடு நிறுத்துங்கள். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்றால், பங்கு விலையைப் பாதிக்கும் தகவல் முதலில் சந்தை அறிவிப்பாக வெளிவர வேண்டும். மேலாளர் வானொலியில் முந்திக்கொண்டால் விதிமீறல்.

ஒன்றை ஊழியர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இந்தத் தாள் ஊடகத்துக்கு மட்டும். விசாரணை அதிகாரி கேட்டால் அவரவர் கண்டதை அப்படியே சொல்ல வேண்டும். ஒரே குரல் என்ற பெயரில் ஊழியர் வாயைக் கட்டுவதற்கு எங்களிடம் பயிற்சி கேட்காதீர்கள்.

ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தொழில் இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளைப் புதுப்பித்து, புதியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவே ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டம் நெரியும் வேளையில், செய்தியாளர் போல ஒருவரைக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அந்த நான்கு விவரங்களும் உங்களுக்கு வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்த் தமிழ் ஊடகப் பயிற்சியாளர்கள் சிலர்