மொனாஸ்டர்பாய்ஸ் பூனைகள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஜூலையில் பேரனோடு வருகிறாய் என்றதும் அப்பா கோட்டை, மிருகக்காட்சிசாலை என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். முதலில் பழைய மடம் இருக்கும் மொனாஸ்டர்பாய்ஸ்தான் என்று நான் சொல்லிவிட்டேன். இங்கே அயர்லாந்தில் படித்த காலத்தில் டப்ளின் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போய்வந்தாய். ஒரு தடவைகூட இறங்கவில்லை.

ட்ராஹடா நகரத்துக்கு வடக்கே இருக்கும் சின்ன கிராமப் பகுதி அது. சுற்றிலும் வயல், நடுவே கல்லறைகள், கூரையில்லாத இரண்டு சர்ச்சுகள், உச்சி உடைந்த வட்டக் கோபுரம். புயித் என்ற துறவி தொடங்கிய மடம். அவர் 521-இல் இறந்தார் என்பார்கள்.

குழந்தையை அங்கே நிற்கும் முய்ரடாக் சிலுவை என்ற பெரிய கல்சிலுவையிடம் கூட்டிப் போ. ஐந்தரை மீட்டர் உயரம், மணற்கல், உடம்பெல்லாம் செதுக்கிய பைபிள் கதை. ஆயிரம் வருஷ மழையிலும் முகங்கள் தெரிகின்றன. கிழக்குப் பக்கம் இறுதித் தீர்ப்பு: தராசில் ஓர் உயிரை நிறுக்கிறார்கள், அடியில் கிடக்கும் சாத்தான் தட்டைக் கீழே இழுக்கப் பார்க்கிறான். எடையில் கைவைப்பது அப்போதே இருந்திருக்கிறது! காலையில் போனால் வெயில் அந்தப் பக்கம் விழும். மேற்குப் பக்கம் அடியில் இரண்டு பூனைகள். ஒன்று குட்டியை நக்குகிறது, மற்றது ஒரு பறவையைப் பிடித்திருக்கிறது. அவற்றுக்கு மேலே, சிலுவையைச் செய்வித்த முய்ரடாக்குக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் எழுத்து. 923-இல் இறந்த மடத்தலைவர்தான் அவர் என்பது பொதுவான கருத்து. அவ்வளவு பக்தியான வேலையில் பூனைக்கும் இடம் கொடுத்த சிற்பியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இடிபாடு என்றாலே எல்லாரும் கடல் வழியே வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளின் வேலை என்கிறார்கள். 1097-இல் கோபுரம் புத்தகங்களோடும் பொக்கிஷங்களோடும் எரிந்தது உண்மைதான். ஆனால் மடம் அதோடு முடியவில்லை. 1142-இல் சில மைல் தள்ளி மெல்லிஃபான்ட்டில் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் வந்து இறங்கினார்கள். அயர்லாந்தில் அவர்களுக்கு அதுதான் முதல் மடம். புது ஒழுங்கு, பெரிய கட்டடம். ஆளும் ஆதரவும் அங்கே போக, பழைய மடம் மெல்ல ஓய்ந்தது. அப்புறம் 1539-இல் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி மெல்லிஃபான்ட்டையும் மூடவைத்தார். அங்கே இன்று பெரும்பாலும் அஸ்திவாரம்தான். அதையும் மத்தியானம் பார்த்துவிடலாம்.

ஜூலையானாலும் புல் ஈரமாக இருக்கும். பையனுக்கு நல்ல ஷூ எடுத்து வா. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அப்பா லீவு கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா