ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: ஆட்டெலும்பு ஒன்று வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை வரலாற்று வகுப்பில் பிள்ளைகள் பிளாஸ்டரில் எலும்பைப் புதைத்துச் செய்த ‘குகைக் கட்டி’யைக் கொத்தி எலும்பு எடுக்கப்போகிறார்கள். அதற்கு ஆளுக்கொரு சின்ன ஆட்டெலும்பு கொடுத்தனுப்புங்கள். சோப்புத்தூள் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும். சதை ஒட்டியிருந்தால் கட்டிக்குள் நாறிவிடும். காயும்போது காக்கை தூக்காமல் மேலே சல்லடையைக் கவிழ்த்துவையுங்கள்.

நிஜமான பழங்கால எலும்பை நம் மதுரைச் சமணர் மலைக் குகைகளிலேயே தேடலாமே என்று தோன்றலாம். அங்கே இருப்பவை கெட்டிப் பாறையின் இடுக்குகள்; எலும்பைக் காக்கும் சுண்ணாம்பு அங்கில்லை. மனித மூதாதையரின் எலும்புகள் கிடைத்த தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டீன் போன்ற இடங்களில் மழைநீர் டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறையைக் கரைத்துக் குகையாக்கியது. கூரை திறந்துகொள்ள, மண்ணும் கல்லும் எலும்பும் உள்ளே விழுந்தன. சொட்டிய சுண்ணாம்பு நீர் அத்தனையையும் இறுக்கிவிட்டது. அந்தக் கலவைப் பாறைக்கு பிரெக்சியா என்று பெயர். சுண்ணாம்புக்காக அங்கே வெடிவைத்தபோதுதான் எலும்புகள் கண்ணில்பட்டன. (நம் ஊர்க் காளவாசல் வெறும் பஸ் நிறுத்தப் பெயரல்ல, சுண்ணாம்பும் செங்கல்லும் சுடும் சூளை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.)

குகையில் எலும்பு கிடைத்ததால் ஆதி மனிதர்கள் அங்கேயே குடியிருந்தார்கள் என்று எழுதுவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழை. ஸ்டெர்க்ஃபோன்டீனுக்கு அருகிலுள்ள ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஓர் ஆதி மனித இன மண்டையோட்டில் இரண்டு ஓட்டைகள். சிறுத்தையின் கீழ்க் கோரைப்பற்கள் அவற்றில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. குகை வாயருகே இருந்த மரத்தில் சிறுத்தை தின்ற மிச்சம் குழிக்குள் விழுந்திருக்கும் என்பது பிரெய்ன் என்ற ஆய்வாளரின் விளக்கம். ஆகவே எலும்பைவிட அது கிடந்த இடம் முக்கியம். ஸ்டெர்க்ஃபோன்டீன் ஆய்வாளர் ரான் கிளார்க் 1994-இல், அங்கே முன்பு எடுத்துவைத்த விலங்கெலும்புப் பெட்டியொன்றில் மனித மூதாதையின் பாத எலும்புகளைக் கண்டார். 1997-இல் அவருடைய உதவியாளர்கள் இருவர் கைவிளக்கோடு இரண்டே நாளில் குகைச் சுவரில் அந்தக் காலின் முறிந்த மறுமுனையைப் பிடித்தார்கள். முழு எலும்புக்கூட்டை வெளியே எடுக்கப் பல ஆண்டுகள் ஆயின.

எங்கள் கட்டிக்கு இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பங்கு மணல், ஒரு பிடி ஜல்லி. பிளாஸ்டர் இறுகும்போது சுடும், அதில் கைவிட்டால் புண்ணாகும். கலப்பது ஆசிரியர் மட்டுமே. வீட்டில் முயன்றால் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் பழைய பல்துலக்கும் பிரஷ், ஸ்கேல், பென்சில், கட்டம்போட்ட தாள் கொண்டுவரட்டும். ஆழத்தையும் இடத்தையும் குறிக்காமல் பிடுங்கிய எலும்புக்கு மதிப்பெண் கிடையாது.

எலும்பு கொடுக்க விருப்பமில்லாத வீடுகள் சிப்பி கொடுத்தனுப்பலாம். வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்