சீட்டும் பாத்தியும்

திருவிடைமருதூர்,
ஆனி 8

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. குறுவை நடவு முடியட்டும் என்று தள்ளிப் போட்டுவிட்டேன். இங்கே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. கடைமடையில் உனக்கு வந்ததா?

"என் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்று கேட்டிருக்கிறாய். மனம் ஒரு சமயம் அளவுமீறித் துள்ளி, ஒரு சமயம் சோர்ந்து விழுமே, அந்த பைபோலார் நோய்க்கான மருந்து ஆராய்ச்சியில் அவனைச் சேரச் சொல்கிறார்கள், யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்களாம் என்பதில்தான் உனக்குக் கோபம். எனக்கோ அந்த வரிதான் ஆறுதலாக இருந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் முப்பது வருஷம் நான் பார்த்த வேலையே அதுதானே! புது ரகத்தை எந்தப் பாத்தியில் நடுவது என்பதைச் சீட்டுதான் சொல்லும். நம் கையில் விட்டால் வாய்க்காலோரத்து நல்ல மண்ணாகப் பார்த்து நட்டுவிட்டு, "பார், எப்படி விளைந்திருக்கிறது" என்போம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துப் பாத்தியில் பழைய ரகமும் நின்றாக வேண்டும். இந்த முறையை 1920களில் இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் வகுத்தது வயலுக்காகத்தான். ஆஸ்பத்திரிக்கு அது பிறகுதான் போனது.

இந்த நோய்க்குக் கொடுக்கிற லித்தியம் என்ற மருந்தையே எடுத்துக்கொள். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல டாக்டர், மனம் அளவுமீறித் துள்ளும் நிலையில் இருந்த பத்துப் பேருக்கு அதைக் கொடுத்து, குணம் தெரிகிறது என்று எழுதினார். பக்கத்துப் பாத்தி கிடையாது. 1954இல் டென்மார்க்கில் டாக்டர் மோகன்ஸ் ஷோவ் குழுவினர்தான் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஷோவின் தம்பிக்கே மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருமாம். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு, மருந்து பலிக்க வேண்டும் என்ற ஆசையை ஓரங்கட்டிவிட்டு ஒப்பிட உட்கார்ந்தாரே, அதுதான் பெரிது.

ஒன்று மட்டும் வயலில் கிடையாது. நெல்லுக்கு நம்பிக்கை இல்லை, மனுஷனுக்கு உண்டு. மனச்சோர்வு ஆராய்ச்சிகளில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் மூன்றில் ஒருவருக்காவது நன்றாகவே குறைகிறது. வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து "தூங்கினாயா, சாப்பிட்டாயா" என்று கேட்கிறாரே, அதுவும் வேலை செய்கிறது. நோய் தானாகத் தணிவதும் உண்டு. கோயிலில் தங்கினால் போதும் என்று தங்கச்சி சொல்கிறாள் என்றாயே, அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பார்த்து 2002இல் எழுதினார்கள். மருந்தில்லாமலேயே நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் அங்கேயும் பக்கத்துப் பாத்தி இல்லை. கோயிலுக்குப் போகட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அக்கா கதை உனக்குத் தெரியாது. அவளுக்கும் இதே நோய்தான். லித்தியத்தில் பதினெட்டு வருஷம் நிம்மதியாக இருந்தாள். போன சித்திரையில் முட்டிவலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையை ஒரு வாரம் போட்டாள். வெயிலில் உளுந்து பிரித்த வியர்வை வேறு. கை நடுங்கி, வாந்தி எடுத்து, காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. ரத்தத்தில் லித்தியம் 1.5ஐத் தாண்டியிருந்தது. ஒன்றுக்குள் இருக்க வேண்டியது. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் தேங்கிவிடும், வலி மாத்திரைகள் பலவும் அதைத் தேக்கிவிடும். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றித் தேற்றினோம். இவ்வளவு வருஷத்தில் இதை யாரும் எங்களுக்கு ஒருமுறைகூட எடுத்துச் சொன்னதில்லை.

ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேள். இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்துவார்களா? ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான மருந்தா, வெறும் மாத்திரையா? ஆராய்ச்சி முடிந்தபின் அந்த மருந்து கிடைக்குமா? நாட்டின் மருந்து ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவெண் இருக்கிறதா? நடுவில் விலகினாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது, ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவு அவர்களுடையது. இது சட்டம். பதில் சொல்லத் தயங்கினார்கள் என்றால் எழுந்து வந்துவிடு.

அப்புறம், பையனை ஒதுக்கிவிட்டு நாம் இருவரும் பேசுவது சரியில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா, மூவரும் சேர்ந்து படிவத்தைப் படிப்போம். வரும்போது உங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மாப்பிள்ளைச் சம்பா விதை இரண்டு மரக்கால் கொண்டு வா. ஆடுதுறை ரகக்காரனுக்கு இது எதற்கு என்று சிரிக்காதே. கொல்லைக்கட்டில் ஒரு பாத்தி சும்மா கிடக்கிறது.

உன்,
ராமு