அண்ணாவின் காலும் பற்றீரியாக்களின் பேச்சும்

கிளிநொச்சி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணாவின் காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். வரம்பு கட்டும்போது மண்வெட்டி பட்ட அந்தச் சிறு காயம், சீனி வருத்தம் உள்ள உடம்பில் ஆறவுமில்லை, பத்து நாள் வரை நோகவுமில்லை. பிறகு ஒரே இரவில் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. விரலை எடுக்க வேண்டி வரவில்லை. மருந்து கட்டுவது தொடர்கிறது.

அந்தப் பத்து நாள் அமைதிதான் என் மனத்தை விட்டு அகலவில்லை. பாடசாலையில் பற்றீரியாவைத் தனித்தனி உயிராகவே படித்தோம். ஆனால் 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகிய மூவரும், கடலில் ஒளிரும் சில பற்றீரியாக்கள் தாமே வெளிவிடும் ஒரு பொருள் சூழலில் போதிய அளவு சேர்ந்த பின்னரே ஒளிரத் தொடங்குகின்றன என்று காட்டினார்கள். காயங்களில் சாதாரணமாகக் காணப்படும் ஸ்டஃபைலோகொக்கஸ் ஓரியஸ் என்பதும் இப்படியே ஒரு சிறு புரதத் துண்டை வெளிவிடுகிறது. தொகை பெருகி அது செறிந்ததும், அதுவரை இழையத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவை ஒட்டுவதைக் குறைத்து, நச்சுப் பொருட்களை ஒருசேரச் சுரக்கின்றன. சிலவாக இருக்கையிலேயே நஞ்சைக் கக்கினால், நம் வெண்குழியங்கள் விழித்து அவற்றை எளிதில் அழித்துவிடும் அல்லவா?

சூடோமோனாஸ் என்ற இன்னொரு பற்றீரியா இன்னும் பிடிவாதமானது. அது வழுவழுப்பான படலத்துக்குள் ஒளிந்துகொள்வதால் நுண்ணுயிர்க்கொல்லிகள் எளிதில் வேலை செய்வதில்லை. இப்படி ஒரு பொருளைச் சைகையாக வெளிவிட்டுத் தமக்குள் பேசிக்கொள்ளும் திறனை இழந்த வகையோ தட்டையான, மெல்லிய படலத்தையே கட்டியது என்றும், சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் பட்டதும் அது கலைந்துபோனது என்றும் 1998இல் ஓர் ஆய்வு காட்டியது.

எல்லாம் ஒரே வழியில் நடப்பதில்லை. முகாமில் நாம் அஞ்சி அஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவைத்த நாட்கள் நினைவிருக்கும். அன்று நாம் அஞ்சிய கொலராக் கிருமி, தொகை குறைவாக இருக்கும்போது குடலில் ஒட்டி நஞ்சைச் சுரந்து, தொகை பெருகியதும் அதை நிறுத்திக் குடலை விட்டு வெளியேற ஆயத்தமாகிறது.

கிருமியைக் கொல்லாமல் அதன் பேச்சை மட்டும் குலைக்கும் மருந்துகளையும் தேடுகிறார்கள். ஆஸ்திரேலியக் கடலிலுள்ள ஒரு சிவப்புக் கடற்பாசி இதை இயல்பாகவே செய்கிறது என்று படித்தபோது எனக்குப் பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் அது அண்ணாவின் காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இப்போதைக்கு, அவை பெருகுமுன் காயத்தைக் கழுவித் துப்புரவாக வைப்பதுதான் நம் கையில் உள்ளது.

உனக்கும் சீனி வருத்தம் உண்டு. சிறு கீறலென்றாலும், நோகவில்லை என்று இருந்துவிடாமல், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்